காற்று நுழைந்த வழி

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நிற்கும் மகிழுந்தின் எஞ்சின், ஓட்டுநர் மிதியைத் தொடாதபோதும் ஓடிக்கொண்டேயிருக்கிறது. சக்கரங்களுக்கு வேலையில்லாத இந்த ஓட்டத்தைப் பட்டறைகளில் ‘ஐடிலிங்’ என்பர். இக்கட்டுரையில் அதனை வெற்றோட்டம் எனக் குறிப்போம். நன்கு சூடேறிய பெட்ரோல் எஞ்சின் வெற்றோட்டத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்றுகள் சுழலும். சுற்றுமானியின் முள் 1,500ஐத் தாண்டி நின்றால், ‘வண்டி தானாக ரேஸ் ஆகிறது’ என்ற முறையீட்டுடன் உரிமையாளர் பட்டறைக்கு வருவார்.

அங்கே இருவகை வைத்தியம் உண்டு. ஒரு திருகைத் திருப்பி வேகத்தைக் குறைத்து அனுப்பிவிடுவது ஒன்று. வேகம் ஏன் கூடிற்று எனத் தேடுவது மற்றொன்று. முன்னது ஐந்து நிமிட வேலை. பின்னதற்குப் பொறுமை வேண்டும். எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்னும் தெளிவும் வேண்டும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பெட்ரோலைத் திறந்துவிடுகிறோம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் நாம் திறப்பது காற்றின் பாதையை. அப்பாதையின் வாயிலில் ‘திராட்டில்’ எனப்படும் வட்டத் தகடு ஒன்று கதவுபோல் அமைந்துள்ளது. உள்ளே வரும் காற்றின் அளவை உணரிகள் வழியாக அறியும் கணினி, அதற்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சச் செய்கிறது. (டீசல் எஞ்சினின் இயல்பு வேறு, அங்கே வேகத்தை ஆள்வது எரிபொருளின் அளவே. ஆதலின் இங்குக் கூறுவன அதற்குப் பொருந்தா.)

வெற்றோட்டத்தின்போது அத்தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்களோ காற்றை இழுத்த வண்ணம் இருக்கும். வாயில் மூடியிருக்க உள்ளிருந்து இழுப்பதால், தகட்டிற்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட குழாய்த்தொகுதியில் காற்றழுத்தம் வெளியழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவிற்குத் தாழ்ந்துவிடுகிறது. அப்பகுதியில் மயிரிழை விரிசல் இருப்பினும் வெளிக்காற்று அதன் வழியே பாயும். எனவே, ‘வேகம் ஏன் கூடிற்று?’ என்ற வினாவை ‘மிகைக் காற்று எவ்வழியே நுழைகிறது?’ என்று மாற்றிக் கேட்பதே தேடலின் முதற்படி.

அதற்கும் முன்னர், அது பழுதுதானா என்று அறிய வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் இயக்கியதும் 1,200 சுற்றுகளுக்கு மேல் ஓடுவது இயல்பு. சூடேறச் சூடேறத் தானே தணியும். குளிர்சாதனத்தை இயக்கும்போது வேகம் சற்றே உயர்வதும் அவ்வாறே. சூடேறிய பின்னரும் தணியாத வேகமே நோய்.

முதலில் கண்ணால் காணத்தக்கவற்றைக் காண்க. தரைவிரிப்பு நகர்ந்து மிதியை அழுத்துகிறதா? பழைய வண்டியாயின், மிதியையும் தகட்டையும் இணைக்கும் கம்பிவடம் துருவேறிச் சிக்கிக்கொள்கிறதா? தரைவிரிப்பை அற்பமென எண்ண வேண்டா. அது மிதியில் சிக்கும் இடர்ப்பாட்டிற்காக 2009ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 38 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பை வெளியிட்டது.

அடுத்து, தேர்ந்த மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. காற்று வடிகட்டியிலிருந்து வரும் பெருங்குழாயைக் கழற்றி, அதிலிருந்து பிரியும் சிறு குழாய்களின் வாய்களை அடைத்துவிட்டு, ஓடும் எஞ்சினின் திராட்டில் வாயைத் தட்டையான பலகையால் மூடுவர். எஞ்சின் திணறி நின்றுவிட்டால், காற்று முழுவதும் முறையான வாயில் வழியாகவே வந்துகொண்டிருந்தது என்பது பொருள். நில்லாது தொடர்ந்து ஓடினால், வேறெங்கோ ஓட்டை இருக்கிறது. ஒரு பலகை, தேட வேண்டிய இடத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது!

எஞ்சின் நின்றுவிட்டது எனக் கொள்வோம். தகட்டின் விளிம்பில் கரி படிந்து அது முழுமையாக மூடாதிருக்கலாம். அல்லது கணினியே கூடுதல் காற்றை அனுமதிக்கலாம். கணினி ஏன் அவ்வாறு செய்ய வேண்டும்? எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக அது நம்புவதே பெரும்பாலும் காரணம். குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் உணரியின் மின்தடை, வெப்பம் குறையக் குறைய மிகும். அதன் கம்பி அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகிறது. கணினி அதனை −40 டிகிரி செல்சியஸ் எனப் படிக்கிறது. சித்திரை வெயிலில் சென்னைச் சாலையில் நிற்கும் வண்டி, தன்னைத் துருவப் பகுதியில் இருப்பதாகக் கருதிக்கொள்ளும் வேடிக்கை இது. நம்மூரில் வேறொரு காரணமும் உண்டு. ‘இந்த வெயிலுக்கு இது எதற்கு?’ என்று தெர்மோஸ்டாட் அடைப்பானைக் கழற்றி எறியும் வழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அது இல்லையேல் குளிர்நீர் இடைவிடாது சுழன்று, எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டுவதற்கு நெடுநேரமாகும். அதுவரை வேகமும் தணியாது, பெட்ரோலும் வீணாகும்.

எஞ்சின் நிற்கவில்லையாயின் ஓட்டையைத் தேட வேண்டும். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக மெல்ல நெரித்துப் பார்க்கலாம்; எதனை நெரிக்கும்போது வேகம் தணிகிறதோ, அதன் மறுமுனையில் குற்றம் இருக்கிறது. இணைப்புகளின்மீது நீரைத் தெளித்தால், நீர் ஓட்டையை நொடிப்பொழுது அடைக்க, ஓட்டத்தின் ஒலி மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பர். சூடான எஞ்சின்மீது அது தீயை வலிய அழைப்பதாகும்.

கணினியைப் படிக்கும் கருவியும் துணைசெய்யும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் மகிழுந்துகளில் இதற்கெனப் பொதுவான இணைப்புவாய் கட்டாயமாயிற்று. இன்று நம் நாட்டு வண்டிகளிலும் அது உண்டு. காற்றை நுழைவாயிலிலேயே அளக்கும் வண்டிகளில், ஓட்டை வழி வரும் காற்று கணக்கில் சேராது. பெட்ரோல் போதவில்லை என்பதைப் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டும். அத்திருத்தம் வெற்றோட்டத்தில் 20 விழுக்காடாக இருந்து, 2,500 சுற்றில் மிகக் குறைந்துவிட்டால், ஓட்டை உண்டென ஐயுறலாம். ஓட்டையின் அளவு மாறாதது. வாயில் வழி வரும் காற்றோ பன்மடங்கு பெருகிவிட்டது. அதனால் ஓட்டையின் பங்கு சிறுத்துவிடுகிறது.

இக்குழாய்களுள் ஒன்றைத் தனித்துக் கூற வேண்டும். குழாய்த்தொகுதியின் தாழ்ந்த அழுத்தத்தைக் கொண்டே பிரேக்கிற்குத் துணைவிசை தரப்படுகிறது. ஓட்டுநரின் மிதிக்கு முன்புறம், வட்டமான பேழைபோல் இருக்கும் கருவியே அதனைத் தருகிறது. அதன் குழாயோ உள்ளிருக்கும் சவ்வோ கிழிந்தால் இரண்டு நிகழும்: எஞ்சினுக்குள் மிகைக் காற்று புகும்; பிரேக் மிதி கல்லாய் இறுகும். பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் வெற்றோட்ட வேகம் மாறினால், அல்லது மிதியருகே சீறும் ஒலி கேட்டால், இதனையே முதலில் ஐயுற வேண்டும். எஞ்சினை நிறுத்தி மிதியைப் பலமுறை அழுத்துக, அது இறுகும். காலை எடுக்காமலே எஞ்சினை இயக்குக. மிதி சிறிது கீழிறங்கினால் துணைவிசை இருக்கிறது. இறங்காவிடில் அவ்வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்லல் ஆகாது.

திருகைத் திருப்பி அனுப்பும் வைத்தியத்தின் கேடு இங்கே விளங்கும். திருகு, தகட்டை இன்னும் சற்று மூடுகிறது. முள் 800க்கு இறங்குகிறது. உரிமையாளர் மகிழ்ந்து செல்கிறார். கிழிந்த சவ்வு கிழிந்தபடியே இருக்கிறது. அதனைக் காட்டிக்கொடுத்த ஓர் அடையாளம் மட்டும் அழிக்கப்பட்டுவிட்டது.

இச்சோதனைகளைக் கற்றவர் துணையுடன் மட்டுமே செய்க. கைப்பிரேக்கை இட்டு, கியரை விடுவித்து, காற்றோட்டமான இடத்தில் வண்டியை நிறுத்துக. மூடிய கொட்டகையில் எஞ்சின் உமிழும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். துப்பட்டாவும் தொங்கும் கயிறும் விசிறியருகே வரலாகாது.

கரி படிந்த தகட்டைத் தூய்மை செய்த பின்னர், சில வண்டிகளில் வேகம் முன்னினும் மிகும். கரி அடைத்திருந்த இடைவெளிக்கு ஏற்பத் தகட்டைச் சற்றே திறந்துவைக்கக் கணினி பழகியிருந்ததே காரணம். புதிய நிலையை அது கற்றுக்கொள்ளச் சிறிது காலம் ஆகும். சில வண்டிகளில் கருவியைக் கொண்டு கற்பிக்கவும் வேண்டும்.