விலகும் வழி இருக்கிறதா, முதலில் பாருங்கள்

லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் மருத்துவமனை, எச்ஐவி சிகிச்சை பெறுவோருக்கான செய்திமடலை 2015 செப்டம்பரில் 781 பேருக்கு அனுப்பியது. முகவரிகளை ‘பிசிசி’ கட்டத்தில் போடுவதற்குப் பதிலாக ‘டு’ கட்டத்தில் போட்டுவிட்டார் ஊழியர். மடலைத் திறந்த எல்லாருக்கும் மற்ற எல்லாருடைய முகவரியும் தெரிந்தது. 730 முகவரிகளில் முழுப்பெயரே இருந்தது. 1,80,000 பவுண்டு அபராதம். ஆனால் வெளியே போன பெயர் போனதுதான்.

பல பள்ளிகளும் குடியிருப்போர் சங்கங்களும் இன்றும் இப்படிச் சாதாரண மின்னஞ்சலில்தான் கூட்டு மடல் அனுப்புகின்றன. ஆட்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் அஞ்சல் பட்டியலுக்கென்றே உள்ள மென்பொருள் வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் தனி மடல் போகும்; செயலிழந்த முகவரி தானே கழியும்.

அதோடு ஆபத்து தீர்ந்துவிடாது. 2022-ல் மெயில்சிம்ப் என்ற அஞ்சல் பட்டியல் சேவையின் ஊழியர்களை ஏமாற்றி உள்ளே புகுந்தவர்கள் பல கணக்குகளின் பட்டியல்களை அள்ளிச் சென்றார்கள். டிரெசர் என்ற கிரிப்டோ பணப்பை நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு, அந்த நிறுவனமே எழுதியதுபோல் போலி மடல் போனது. புதிய செயலியைத் தரவிறக்கச் சொன்னது. பட்டியலின் சொந்தக்காரர் எத்தனை கவனமாக இருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. அதனால்தான் பெயர், மின்னஞ்சல் தவிர வேறெதையும் அங்கே சேர்க்கக் கூடாது.

கட்டணச் சேவைகள் பலவற்றில் ஆள் கூடக் கூடக் கட்டணமும் ஏறும். பெங்களூரு பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் கைலாஷ் நாத் உருவாக்கிய லிஸ்ட்மாங்க் மென்பொருள் இலவசம். ஆனால் சொந்த சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் கூகுளின் விதி ஒன்றுதான். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோருக்கு, 2024 பிப்ரவரி முதல், அனுப்புநரை உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று. விலைக்கு வாங்கிய பட்டியல் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

மடல் பெறுகிறவருக்கும் உரிமை உண்டு. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் தந்த அதே எளிமையோடு அதைத் திரும்பப் பெறலாம். நிறுவனத்திடம் முறையிட்டும் தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். ஆனால் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. இந்த உரிமை உட்பட முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர, அப்போதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது.

மென்பொருள் வாங்குகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சோதனைக் காலத்திலேயே தங்களுக்கொரு மடல் அனுப்பி, அடியில் உள்ள விலகல் இணைப்பை அழுத்திப் பார்க்கலாம். கடவுச்சொல் கேட்டால் அந்த மென்பொருள் வேண்டாம்.