கிராபீன் ஜோசப்சன் சந்தி

கிராபீன் ஜோசப்சன் சந்தி என்பது இரண்டு மீக்கடத்தி மின்முனைகளுக்கு இடையே, ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலமான கிராபீனை இணைப்பாக வைத்து உருவாக்கப்படும் நுண்கருவி ஆகும். ஒற்றைப் படலக் கிராபீன் தானாக மீக்கடத்தி அன்று. (ஏறத்தாழ 1.1 பாகை முறுக்கி அடுக்கப்பட்ட இரட்டைப் படலம் மீக்கடத்தியாவது 2018 இல் கண்டறியப்பட்டது. அது வேறு செய்தி.) எனினும் போதிய அளவு குளிர்விக்கப்பட்ட சந்தியில் மின்தடையற்ற மின்னோட்டம் கிராபீன் வழியே பாய்கிறது. அதன் உச்ச அளவை, அருகிலுள்ள வாயில் மின்முனைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தால் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதே இக்கருவியின் சிறப்பு. 2022 இல் மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் இப்பண்பைக் கொண்டு மிக நலிந்த நுண்ணலைகளுக்கான பெருக்கி ஒன்றை வெளியிட்டனர்.

ஜோசப்சன் விளைவு

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் தனித்தனியே செல்லாமல் கூப்பர் இணைகளாகச் செல்கின்றன. இணைகள் யாவும் ஒரே குவாண்டம் அலையாக நடந்துகொள்வதால் அவ்வலைக்குரிய கட்டம் மீக்கடத்தி முழுமைக்கும் பொதுவாகிறது. இரு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் படலம் இருப்பின், கட்ட வேறுபாட்டுக்கு ஏற்ப இணைகள் அதனைக் கடக்கும் என 1962 இல் பிரையன் ஜோசப்சன் கணித்தார். அப்போது அவர் கேம்பிரிட்ஜில் 22 வயது ஆய்வு மாணவர். மறு ஆண்டே ஆண்டர்சன், ரோவெல் ஆகியோர் இதனைச் சோதனையில் கண்டனர். தடையின்றிச் செல்லக்கூடிய உச்ச அளவு மாறுநிலை மின்னோட்டம் எனப்படும். அதனை மீறினால் சந்தியில் மின்னழுத்தம் தோன்றிவிடும்.

வழக்கமான சந்திகளில் காப்புப் படலமாக இருப்பது அலுமினியம் ஆக்சைடு. அதன் தடிமன் கருவியைச் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. மாறுநிலை மின்னோட்டமும் அதனோடு முடிவாகிவிடுகிறது.

கிராபீனில் நிகழ்வது

கிராபீன் காப்புப் பொருள் அன்று, கடத்தி. ஆகவே இங்கு இணைகள் கடக்கும் வழி வேறு. கிராபீனிலிருந்து மீக்கடத்தியின் எல்லையை அடையும் எலக்ட்ரான் தனியே உள்நுழைய இயலாது. அது இன்னோர் எலக்ட்ரானைத் துணை சேர்த்துக்கொண்டு இணையாக நுழைகிறது. துணைவந்த எலக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடமாகிய துளை கிராபீனுக்குள் திரும்பிச் செல்கிறது. இது ஆந்திரேயெவ் எதிரொளிப்பு எனப்படும். துளை மறுமுனையை அடைந்ததும் இதற்கு எதிர்மாறான செயல் நிகழ்ந்து சுற்று நிறைவுறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கூப்பர் இணை ஒரு மீக்கடத்தியிலிருந்து மற்றொன்றுக்குச் சேர்கிறது.

இதனை 2007 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழுவினர் அலுமினிய மின்முனைகளைக் கொண்டு, 30 மில்லிகெல்வின் வெப்பநிலையில் அளந்து காட்டினர். வாயில் மின்னழுத்தத்தை ஒருபுறம் திருப்பினால் எலக்ட்ரான்களும் மறுபுறம் திருப்பினால் துளைகளும் மின்னோட்டத்தைச் சுமந்தன. இரண்டுக்கும் நடுவே, மின்சுமப்பிகள் மிகக் குறையும் இடம் டிராக் புள்ளி. அங்கு மீக்கடத்து மின்னோட்டம் அற்றுப்போகும் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அது குறைந்ததே தவிர அறவில்லை. வாயிலை ஏரி மதகுக்கு ஒப்பிடலாம் எனில், இது முழுவதும் மூடாத மதகு. டிராக் புள்ளியிலும் மின்னோட்டம் எஞ்சும் என்பதை டிட்டோவ், பீனாக்கர் ஆகியோர் 2006 இலேயே கோட்பாட்டளவில் கூறியிருந்தனர்.

பின்னர் கிராபீனை போரான் நைட்ரைடு படிகங்களுக்கு இடையே பொதிந்து வைக்கும் முறை வந்தது. இதனால் எலக்ட்ரான்கள் சிதறாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்ல முடிந்தது. உலகெங்கும் இவ்வாய்வுகளில் பயன்படும் படிகங்களுள் பெரும்பாலானவை வதனபே, தனிகுச்சி என்னும் இரு ஜப்பானிய அறிவியலாளர்கள் வளர்த்தவை.

மும்பைப் பெருக்கி

குவாண்டம் கணினியின் பிட்டுகளிலிருந்து வெளிவரும் நுண்ணலைக் குறிகை சில ஃபோட்டான்கள் அளவே இருக்கும். சாதாரணப் பெருக்கியின் சொந்த இரைச்சலில் அது மூழ்கிவிடும். ஜோசப்சன் சந்தி ஒரு மின்தூண்டியைப் போலச் செயல்படுவதால், மின்தேக்கியுடன் இணைத்து ஒத்ததிர்வுச் சுற்றாக்கி, குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் குறைந்த அளவு இரைச்சலோடு குறிகையைப் பெருக்கலாம். மாறுநிலை மின்னோட்டம் கூடினால் மின்தூண்டல் குறையும். ஒத்ததிர்வு அதிர்வெண் உயரும். வழக்கமான பெருக்கிகளில் இவ்வதிர்வெண்ணை மாற்ற இரு சந்திகளை வளையமாக்கிக் காந்தப் புலம் செலுத்த வேண்டும். அப்புலம் அண்டைச் சுற்றுகளையும் தொடக்கூடும்.

மந்தார் தேஷ்முக், ஆர். விஜய் ஆகியோரின் குழுக்கள் செய்த பெருக்கியில் காந்தப் புலத்துக்கு வேலை இல்லை. வாயில் மின்னழுத்தத்தாலேயே அதிர்வெண்ணை 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை நகர்த்த முடிந்தது. பெருக்கம் 24 டெசிபெல், அதாவது திறனில் ஏறத்தாழ 250 மடங்கு. அதே ஆண்டில் பிரான்சின் கிரனோபில் நகரக் குழுவும் தனியே இத்தகைய பெருக்கியை வெளியிட்டது.

குறைகளும் உள்ளன. நல்ல கிராபீன் இன்னும் பெரும்பாலும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டிலிருந்து உரித்தே எடுக்கப்படுகிறது; எனவே ஒன்றைப்போல் ஒன்றாக ஆயிரம் சந்திகள் செய்வது கடினம். இச்சந்தியைக் கொண்டு 2019 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் உருவாக்கிய குவாண்டம் பிட் 55 நானோ நொடிகளே தன் நிலையைக் காத்தது. அலுமினியச் சந்திகளில் அதே காலத்தில் பல பத்து மைக்ரோ நொடிகள் எட்டப்பட்டிருந்தன.