கைபேசியில் புதியது எது?

விஞ்ஞானத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசாத மேடையில்லை, எழுதாத ஏடில்லை. ஆனால் அவ்வளர்ச்சி நம் சட்டைப்பைக்குள்ளேயே வந்து அமர்ந்த பிறகு, அதனைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "புது மாடல் வந்துவிட்டதா?" மாதந்தோறும் புதிய கைபேசிகள் சந்தைக்கு வருகின்றன. மடிக்கும் திரை என்கிறார்கள்; 5ஜி என்கிறார்கள்; செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். இவற்றுள் உண்மையிலேயே புதியது எது, பெயரளவில் புதியது எது என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் ஆர்வம் மட்டுமன்று, அவசியமுங்கூட. என் கைபேசிக்கு வயது நான்கு. சென்ற கோடையில் அது நண்பகலுக்குள் சோர்ந்து விழத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேசும் அம்மாவின் குரல் பாதியில் நின்றுவிடும். கரியாஹாட்டில் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்கு வருஷமா? இதற்கு வைத்தியம் கிடையாது. புதிது வாங்கிக்கொள்ளுங்கள். இது 5ஜி காலம்!" என்றார். உதவித் தொகையில் மிச்சம் பிடித்த 14,000 ரூபாய் என்னிடம் இருந்தது. ஆனால் அது தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று வைத்த பணம். ஆகவே, வாங்குமுன் யோசிக்க வேண்டியவனானேன்.

அலை

கைபேசி என்பது உண்மையில் ஒரு சிறு வானொலி நிலையம். நம் குரலை எண்களாக மாற்றி, அவ்வெண்களை மின்காந்த அலைகளின்மேல் ஏற்றி, அருகிலுள்ள கோபுரத்திற்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது கம்பி வழியாகவும் கண்ணாடி இழை வழியாகவும் சென்று, மறுபுறத்துக் கோபுரத்திலிருந்து மீண்டும் அலையாகப் புறப்படுகிறது. ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் வைப்பதால், ஒரே அலைவரிசையைத் தொலைவிலுள்ள வேறொரு வட்டாரத்திலும் பயன்படுத்தலாம். அவ்வட்டாரத்திற்கு 'செல்' என்று பெயர். 'செல்போன்' என்ற சொல் பிறந்த கதை அதுவே.

5ஜி என்பதன் பெருமையெல்லாம் இந்த அலையின் நீளத்தைப் பொறுத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். நம் நாட்டில் 2022 அக்டோபர் 1-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 5ஜி பெரிதும் பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர், அதே ஆண்டில் ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கோ சற்றேறக்குறைய 11.5 மில்லிமீட்டர். நீளம் குறையக் குறைய, அகலமான அலைவரிசை கிடைக்கும். செய்தி வெள்ளமாகப் பாயும். ஆனால் அலை தொலைவு செல்லாது. சுவரும் மழையும் அதன் வலிமையைக் குறைத்துவிடும். பாலிகஞ்சில் நான் குடியிருக்கும் பழைய வீட்டின் சுவர் ஒரு முழத்திற்கு மேல் கனமானது. நண்பனின் புதிய கைபேசியில் தாழ்வாரத்தில் 5ஜி என்ற எழுத்து ஒளிவிடும். அறைக்குள் வந்தால் மறைந்துவிடும். இது கைபேசியின் குற்றமன்று, அலையின் இயல்பு.

சரி, இந்த மில்லிமீட்டர் அலை புதியதுதானா? இதே கல்கத்தா நகரத்தில், பிரசிடென்சி கல்லூரியில், 1894 முதல் 1896 வரை ஜகதீஷ் சந்திர போஸ் இவ்வலைகளைத் தோற்றுவித்து ஆராய்ந்தார். அவர் எட்டிய மிகக் குறுகிய அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். அதாவது 60 கிகாஹெர்ட்ஸ்! சுவருக்கு அப்பாலிருந்த மணியைக் கம்பியில்லாமலே ஒலிக்கச் செய்து நகரமக்களை வியப்பில் ஆழ்த்தினார். அலையை உணர்வதற்கு அவர் கையாண்ட பொருள்களுள் ஒன்று கலீனா என்னும் ஈயத் தாது. அந்தக் கருவிக்கு 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது. நிலவியல் மாணவனாகிய நான் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் கையிலெடுக்கும் கல் அது. உலோகம் போலப் பளபளக்கும். சதுரம் சதுரமாக உடையும். இன்றைய கைபேசியின் மூளையாகிய சிலிக்கன் சில்லும் கலீனாவைப் போன்ற குறைகடத்தியே.

விலை

இதே நகரத்திற்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு அதுவே. அக்காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்குப் 16 ரூபாய்க்கு மேற்கூடக் கட்டணம் உண்டு. அழைப்பவர் மட்டுமல்லாமல், அழைக்கப்பட்டவரும் பணம் கட்ட வேண்டும்! மணி அடித்தாலே மனம் பதறும் காலம் அது.

இந்நிலையை மாற்றியது எந்தப் புது மாடல்? எதுவுமன்று, ஒரு விதி. 2003 மே மாதம் முதல், அழைப்பவரே கட்டணம் செலுத்தினால் போதும் என்றாயிற்று. வரும் அழைப்பு இலவசமாயிற்று. அதன் பின்னரே தச்சரும் தறிகாரரும் மீன் விற்கும் அம்மையாரும் கைபேசி வாங்கினர். நான் சிறுவனாயிருந்தபோது, அப்பா வேலைக்குச் சென்று சேர்ந்ததும் இரண்டு முறை மணி அடிக்கச் செய்து நிறுத்திவிடுவார். அம்மா எடுக்க மாட்டார், முகம் மலர்வார். காசு செலவில்லாமல் "நலமாக வந்து சேர்ந்தேன்" என்று சொல்லும் தந்தி அது. 2006-இல் எங்கள் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் கைபேசித் தொழிற்சாலை தொடங்கியது. 2014-இல் அங்கே உற்பத்தி நின்றது. இன்று அதே வட்டாரத்தில் வேறு நிறுவனங்கள் கைபேசி செய்கின்றன. கல்கத்தாவில் முதலில் பேசிய கருவியைத் தமிழ்நாட்டுப் பெண்கள் கைகளால் இலட்சக்கணக்கில் பூட்டி உலகுக்கு அனுப்பினர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

படம்

200 மெகாபிக்சல் என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்காதார் யார்? ஆனால் விரல்நகம் அளவுள்ள சில்லில் 20 கோடி ஒளிப்புள்ளிகளை அடைத்தால், ஒவ்வொன்றும் மிகச் சிறியதாகி, போதிய ஒளியைப் பெறாது. ஆகவே இத்தகைய கைபேசிகள் பல, 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, வழக்கமாக 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. படத்தின் அழகைத் தீர்மானிப்பன லென்சும் சில்லின் பரப்பும் கணக்கிடும் முறையும். எண் பெரிதாயிருப்பதால் மட்டும் படம் பெரிதாகிவிடாது.

மின்கலம்

இனி, என் கைபேசியின் நோய்க்கு வருவோம். அதனுள்ளிருப்பது லித்தியம் அயனி மின்கலம். ஒருபுறம் கிராபைட்டு; மறுபுறம் பெரும்பாலும் கோபால்ட்டு கலந்த ஆக்சைடு. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராபைட்டினுள் புகுகின்றன. பேசும்போது திரும்பி வருகின்றன. தறியில் ஓடும் நாடாவைப் போல இப்படியும் அப்படியும் ஓடுவதே அவற்றின் வேலை. 1991-இல் சந்தைக்கு வந்த இம்மின்கலத்திற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் சிறிது லித்தியம் வழியில் சிக்கிக்கொள்கிறது. வெப்பம் மிகுந்தால் இச்சேதமும் மிகும். சில நூறு முழு ஏற்றங்களுக்குப் பிறகு கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. ஆக, நோயுற்றது கைபேசியன்று, அதன் மின்கலம். வண்டிச்சக்கரம் தேய்ந்தால் வண்டியையா எறிவோம்?

சாந்தினி சவுக் சந்தையின் ஒரு சந்தில், கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் கைபேசிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடையதை வாங்கி, பின்மூடியைச் சூடு காட்டிப் பிரித்து, உப்பத் தொடங்கியிருந்த மின்கலத்தை எடுத்துக் காட்டினார். "இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் திரையையே தள்ளியிருக்கும்" என்றார். அரைமணி நேரம், 900 ரூபாய். அன்றிரவு அம்மாவிடம் முழுதாக நாற்பது நிமிடம் பேசினேன். "ஏம்பா, புதுசு வாங்கிட்டியா? குரல் அறுந்துபோகாம வருதே!" என்றார்.

அந்தக் கோபால்ட்டில் உலக உற்பத்தியின் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே கைக்கருவிகளோடு மண்ணுக்குள் இறங்குவோரில் சிறுவரும் உண்டு என்று கேள்விப்படும்போது, நன்றாயிருக்கும் கைபேசியை எறிவது சிக்கனக் குறைவு மட்டுமன்று என்பது புலனாகும்.

ஆயுள்

ஆனால் கதை இத்துடன் இனிதே முடிந்ததென்று சொன்னால் அது உண்மையாகாது. மின்கலம் பிழைத்தது, மென்பொருளோ முதுமையடைந்துவிட்டது. என் கைபேசிக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பித்தல் சென்ற ஆண்டோடு நின்றுவிட்டது. திருடர் நுழையும் புதுவழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைப்பதற்கு இனி ஆளில்லை. ஆகவே அதன் வழியாகப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை வங்கிக்குச் சென்றே அனுப்புகிறேன். என்றேனும் ஒரு நாள் புதிது வாங்கத்தான் வேண்டும். கேள்வி, எப்போது என்பதும் எதை என்பதுமே.

இத்துறையில்தான் உண்மையான புதுமை பிறந்திருக்கிறது என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அங்கே விற்கப்படும் புதிய கைபேசியின் மின்கலம் 800 ஏற்றங்களுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பித்தலும், ஏழாண்டுகளுக்கு உதிரிப் பாகங்களும் கிடைக்க வேண்டும். நம் நாட்டிலும் பழுது பார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. ஆனால் ஐரோப்பாவைப் போன்ற கண்டிப்பான விதி இங்கும் வேண்டும்.

நண்பர்களே! புதிய கைபேசி வாங்கச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பாதுகாப்புப் புதுப்பித்தல் எத்தனை ஆண்டுகளுக்கு வரும்? மின்கலத்தை மாற்ற முடியுமா, என்ன விலை? திரை உடைந்தால் நம் ஊரில் பாகம் கிடைக்குமா? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத கடைக்காரர் 5ஜியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் கையை விரித்துவிட்டு வெளியே வாருங்கள்.

கையிலுள்ளது பழையதானாலும், அதனுள் போஸ் ஆராய்ந்த அலையின் உறவும் இருக்கிறது. மண்ணிலிருந்து பலர் வியர்வை சிந்தி எடுத்த கல்லும் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து பேசும் ஒரு தாயின் குரலும் இருக்கிறது. அக்குரல் அறுந்துபோகாமல் வந்து சேர்ந்தால் போதும். தங்கையின் கட்டணத்தைச் சென்ற வாரமே செலுத்திவிட்டேன்.