விளக்கைத் தணித்தபின் தெரிந்த விண்மீன்கள்

புகைப்படம் என்றதும் திருமணமும் புதுநன்மை விழாவும் குடும்பக் கொண்டாட்டங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. இரவு வானையும் படம் பிடிக்கலாம் என்பதும், அதற்குத் தொலைநோக்கி ஏதும் வேண்டியதில்லை என்பதும் பலர் அறியாத செய்தி. நம் தந்தையர் காலத்துச் சாதாரண பிலிம் காமிராவே அதற்குப் போதும்.

அத்தகைய காமிரா ஒன்றை எம் பங்கு இளைஞர் ஒருவர் ஒரு மாலை என்னிடம் கொணர்ந்தார். இவ்வூர்த் திருமணங்களையெல்லாம் அதில் பதித்தவர் அவருடைய தந்தையார். அவர் மறைந்தபின் பல்லாண்டுகள் பெட்டிக்குள் உறங்கிய கருவி அது. “சாமி, இதைக்கொண்டு விண்மீன்களைப் படம் பிடிக்க இயலுமா?” என்று கேட்டார். குருமடத்தில் பயின்ற நாளில் இக்கலையைச் சிறிது கற்றிருந்தேன். ஆகவே, “முயன்று பார்ப்போம், தம்பி” என்றேன்.

முறை எளியது. காமிராவின் வேகச் சக்கரத்தில் ‘பி’ என்னும் எழுத்து ஒன்று இருக்கும். அதில் வைத்து அழுத்தினால், விரலை எடுக்கும்வரை ஷட்டர் திறந்தே நிற்கும். விரல் நடுங்கினால் படம் கலங்கும். ஆதலால் காமிராவை மூன்றுகால் ஸ்டாண்டில் பொருத்தி, கேபிள் ரிலீஸ் கொண்டு ஷட்டரை இயக்க வேண்டும். லென்சின் தொலைவு வளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்தி, துளையை 2.8 அளவுக்குத் திறந்து, 400 வேகமுள்ள பிலிமை இட்டு, நிலவற்ற இரவில் வானை நோக்கித் திருப்பினால் போதும். சுருளின் முதற்படத்தைப் பகலிலேயே எடுத்துவிடுவது நலம். இல்லையேல் இருண்ட வானப் படங்களின் எல்லை புலப்படாமல், கழுவுவோர் பிலிமை நடுவே வெட்டிவிடக்கூடும்.

பூமி சுழல்வதால், விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றுகின்றன. 50 மில்லிமீட்டர் லென்சில் ஏறத்தாழ 10 நொடிவரை அவை புள்ளிகளாகப் பதியும். அதற்குமேல் கோடுகளாக நீளும். வடக்கு நோக்கி அரைமணி நேரம் திறந்து வைத்தால், துருவ மீனைச் சுற்றி அக்கோடுகள் வில்வில்லாக வளைந்து நிற்பதைக் காணலாம். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் அம்மீன் தெரியும். நம் தமிழகத்தில் அது தொடுவானிலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்திலேயே நிற்கிறது.

இத்தனையும் அறிந்திருந்தும், எங்கள் முதற்சுருள் எங்களை நாணச் செய்தது. கோடுகள் சில பதிந்திருந்தன. ஆயினும் வெளிறிய புகை போன்ற ஒளி படத்தின் பாதியை விழுங்கியிருந்தது. பிலிம் பழுதோ, கழுவியோர் பிழையோ என ஐயுற்றோம். அன்றிரவு படமெடுத்த இடத்தில் மீண்டும் நின்று நிமிர்ந்து நோக்கியபோதுதான் காரணம் விளங்கியது. கோயில் கோபுரத்தின்மேல் விடியும்வரை எரியும் பேரொளி விளக்கே அது! முந்திய ஆண்டுத் திருவிழாவுக்கு நானே முன்னின்று பொருத்தியது. நெடுந்தொலைவிலிருந்தே கோபுரம் தெரிகிறதென மக்கள் மகிழ்ந்தபோது, உள்ளூரப் பெருமிதம் கொண்டவனும் நானே.

கண் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை, பிலிம் சேர்த்துவைக்கிறது. ஆனால் விண்மீன் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதன் ஒளி பிலிமின் ஓரிடத்தில் சில நொடிகளே தங்குகிறது. நம் விளக்கொளியோ காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானில் அசையாமல் நிற்கிறது. ஆகவே அது பிலிமின் ஒவ்வோர் இடத்திலும் நொடிக்கு நொடி கூடிக்கொண்டே போகிறது. இறுதியில் விண்மீனை விளக்கு வென்றுவிடுகிறது.

இவ்வின்னல் எம் சிற்றூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. திருச்சபையின் வானாய்வுக் கூடத்துக்கும் நேர்ந்தது. வத்திக்கான் வானாய்வுக் கூடத்தைப் பாப்பிறை 13ஆம் சிங்கராயர் 1891இல் புத்துயிரூட்டி நிறுவினார். பல நாட்டு வானாய்வுக் கூடங்கள் ஒன்றுகூடி, வானம் முழுவதையும் புகைப்படத் தகடுகளில் பதிக்க மேற்கொண்ட பெருமுயற்சியில் அதுவும் பங்கேற்றது. தன் பங்குக்கு வந்த தகடுகளில் ஏறத்தாழ 4,80,000 விண்மீன்களின் இடங்களை, மரிய பம்பினா சபைக் கன்னியர் 1910 முதல் 1921 வரை பொறுமையுடன் அளந்து குறித்தனர். ஆயின் உரோமை நகரின் விளக்குகள் பெருகவே, 1930களில் அக்கூடம் காஸ்தல் கந்தோல்போவுக்கு இடம் பெயர்ந்தது. நகரொளி அங்கும் பின்தொடர, 1981இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் அதன் ஆய்வுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது.

வானாய்வாளர் இடம் பெயரலாம். பங்கு இடம் பெயர இயலுமா? எனவே பங்குப் பேரவையில் விளக்கைப்பற்றிப் பேசினேன். “கோயில் இருளில் கிடப்பதா, சாமி?” என்று பெரியவர் ஒருவர் வருந்தினார். வேறு சிலர் திருட்டுக்கு அஞ்சினர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஆதலால் விளக்கை அறவே அகற்றவில்லை. தகரத்தால் மூடி அமைத்து, நடப்போர் காலடியில் மட்டும் ஒளி விழுமாறு அதைக் கீழ்நோக்கித் திருப்பினோம். இரவு 9 மணிக்குமேல் கோபுரத்தை வானத்திடமே ஒப்படைத்தோம்.

தை மாதத்து நிலவற்ற இரவொன்றில் மீண்டும் படமெடுத்தோம். திருவாதிரை மீன் செந்நிறக் கோடாகவும், அதனருகே ரைகல் என்னும் மீன் நீலம் தோய்ந்த வெண்கோடாகவும் பதிந்திருந்தன. மற்றொரு படத்தில் கார்த்திகைக் கூட்டம் நெருங்கிய கீற்றுகளாய் மின்னியது. இளைஞரின் தாயார் அப்படங்களை நெடுநேரம் நோக்கியிருந்தார். பின்னர், “இத்தனையும் நம் வீட்டுக்கு மேலேயா இருந்தன, சாமி?” என்று கேட்டார்.

“இருந்தன, அம்மா. நான்தான் மறைத்து வைத்திருந்தேன்” என்றேன்.

முதிர்ந்த வயதில் மகப்பேறின்றி இருந்த ஆபிரகாமுக்கு, ஆண்டவர் தம் வாக்குறுதியின் அளவைக் காட்ட விண்மீன்களையே சுட்டினார் அன்றோ? அவற்றை எண்ண இயலாது என்பதிலேயே அவ்வாக்குறுதியின் பொருள் அடங்கியிருந்தது. எங்கள் கோபுர விளக்கின்கீழ் நின்றிருந்தால், அந்த முதியவர் விரல்விட்டு எண்ணி முடித்திருப்பார்!

பெற்றோரே, வரும் நிலவற்ற இரவில் வீட்டு விளக்குகளைச் சற்றே அணைத்து, பிள்ளைகளை மாடிக்கோ முற்றத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். கண்கள் இருளுக்குப் பழக 20 நிமிடம் பொறுத்திருங்கள். வீட்டில் பழைய காமிரா இருப்பின் உடன் கொண்டு செல்லுங்கள்; இல்லையெனினும் குறையில்லை. படைத்தவர் ஏற்றிய விளக்குகளைக் காண, நாம் ஏற்றிய விளக்கை ஒரு நாழிகை தணிப்போமாக.