முதலில் காது, பிறகு ரோபோ

ஜப்பானில் ஷிபாதா தகனோரி உருவாக்கிய 'பாரோ' ஒரு ரோபோ. வெள்ளை ரோமம் போர்த்திய சீல் குட்டி. எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தடவிக்கொடுத்தால் கண்ணை மூடும், பேசினால் தலையைத் திருப்பும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் 40 பேரை வைத்து 12 வாரம் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பாரோவோடு பழகியவர்களின் தனிமை உணர்வு குறைந்திருந்தது. அந்த இல்லத்து நாயோடு பேசியதைவிட பாரோவோடுதான் அதிகம் பேசினார்களாம்!

விலைதான் லட்சங்களில். மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் இருக்கும் ஓர் இல்லம் அதைப் பற்றி யோசிக்கும் முன் கவனிக்க வேண்டியது காது.

வயதாக ஆக முதலில் மங்குவது உச்சஸ்தாயி ஒலிகள். ச, ட, க போன்ற ஒலிகள் நழுவிவிடும். உயிரொலிகள் மட்டும் வந்து சேரும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றீகன்னுதான் வெளங்கல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சாப்பாட்டுக் கூடத்தில் எவர்சில்வர் தட்டுகளின் சத்தம், தலைக்கு மேல் ஃபேன், மூலையில் சீரியல். இதற்கு நடுவே நாலு தடவை "என்ன?" என்று கேட்டவர், ஐந்தாம் தடவை கேட்க மாட்டார். 'அவர் யாரோடும் ஒட்ட மாட்டார்' என்று பெயர் வந்துவிடும்.

அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் நடந்த 'அச்சீவ்' ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. காதுக் கருவியும் பயிற்சியும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மூன்று ஆண்டுகளில் சராசரியாக ஓர் உறவையோ நட்பையோ கூடுதலாகத் தக்கவைத்திருந்தார்கள். ஒருவர்தானா என்று தோன்றலாம். எழுபத்தைந்து வயதில் அந்த ஒருவர் பெரிய விஷயம்.

காதுக் கருவிக்கும் விலை தடையாகுமே என்று தோன்றலாம். ஆனால் விலையை உடைப்பது மதுரைக்குப் புதிதல்ல. 1992-ல் மதுரையின் ஆரோலேப் நிறுவனம் உள்விழி லென்ஸை இங்கேயே தயாரிக்கத் தொடங்கி, இறக்குமதி லென்ஸின் விலையில் சிறு பங்குக்குக் கொடுத்தது. காதுக் கருவியை 2017 முதல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியவர்களுக்கு மத்திய அரசு இலவசமாகவே தருகிறது.

ஆனால் கருவி கைக்கு வந்ததோடு வேலை முடியாது. காதுக்குப் பொருந்தாவிட்டால் கீச்சிடும். குறும்பி அடைத்தால் ஒலி வராது. அதில் போடும் துத்தநாகக் காற்று பேட்டரியின் ஸ்டிக்கரைக் கிழித்ததும் காற்று உள்ளே போய் வேலை தொடங்கிவிடும். கருவியை அணைத்து வைத்தாலும் நாளடைவில் தீர்ந்துவிடும். இல்லத்துப் பணியாளர் ஒருவர் தினமும் காலையில் ஒவ்வொரு கருவியையும் துடைத்து, பேட்டரி ஓடுகிறதா என்று பார்த்து மாட்டிவிட்டால், அது டிராயருக்குள் போய்க் கிடக்காது.