கரைப்பறவையின் இறகும் ஓர் ஆராய்ச்சியாளரின் உழைப்பும்

பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் கழிமுகத்தையும், அதனை அடுத்த புத்தளத்து உப்பளங்களையும் நாஞ்சில் நாட்டு மாணவருள் காணாதார் சிலரே. ஐப்பசி கார்த்திகைத் திங்களில் அங்குச் செல்வோர், ஆலாக்களும் கடற்காகங்களும் நீர்மேல் வட்டமிட, சேற்றிலே சிறு பறவைகள் ஓடுவதும் நிற்பதும் குனிந்து கொத்துவதுமாய் இருத்தலைக் காண்பர். உப்புக்கொத்தி என்றும் உள்ளான் என்றும் அவற்றை வழங்குவர். வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி வந்த விருந்தினர், வேனில் வரப் போய்விடுவர் என்பதே பொதுமக்கள் கருத்து. அது பிழையன்று, ஆயினும், வந்த விருந்தினர் இங்கே ஆற்றும் காரியம் யாது என்பதை அது தெரிவிப்பதில்லை. அதனை நம் தென்கரையிலேயே இருந்து ஆராய்ந்தவர் டாக்டர் எஸ். பாலச்சந்திரன்.

அவர் பணியின் வேரை அறியச் சற்றே பின்னோக்குதல் வேண்டும். 1957-ல் மைசூர் நாட்டுக் கியாசனூர்க் காட்டில் ஒரு கொடுங்காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதனைப் பரப்பும் உண்ணிகளைத் தொலைநாட்டுப் பறவைகள் கொணர்ந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் பொருளுதவி அளிக்க, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் 1959-ல் சலீம் அலியின் தலைமையில் பறவைகளுக்குக் கால்வளையமிட்டு விடுக்கும் பணியைத் தொடங்கினர். நோயைத் தேடப் புகுந்த முயற்சி, பறவையின் வழியைத் தேடும் கலையாய் வளர்ந்தது. பறவை பிடித்துப் பழகிய பீகாரத்து மீர்ஷிகார் குலத்தார் இப்பணியில் வலை விரித்தனர் என்பது சுவையான செய்தி.

இச்சங்கத்தின் ஆராய்ச்சியாளராய்ப் பாலச்சந்திரன் 1985 முதல் 1988 வரை மண்டபத்திலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் கரைப்பறவைகளை ஆராய்ந்தார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 1986-ஆம் ஆண்டும் அக்காலத்துள் அடங்கும். அவ்வாராய்ச்சியின் பயனாய் எழுந்த ஆய்வேடு 1990-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிறைவெய்திற்று.

வலையிற் சிக்கிய பறவையை அளந்து, நிறுத்து, வளையமிடுதலோடு அவர் நின்றாரல்லர். சிறகை விரித்து ஒவ்வோர் இறகையும் நோக்கினார். இதன் காரணத்தைச் சிறிது விளக்குவாம். பறத்தலுக்கு இன்றியமையாத நீண்ட இறகுகள் இவற்றின் ஒவ்வொரு சிறகிலும் பத்து உள. பல்லாயிரம் மைல் பறந்து நைந்த அவ்விறகுகளை ஆண்டுதோறும் புதுக்குதல் வேண்டும். ஒருங்கே உதிர்த்தால் பறவை தரையிற் கிடந்து மாயும். ஆதலின் உட்புறத்திலிருந்து தொடங்கி முறையே உதிர்த்து முளைப்பிக்கும். ஆராய்ச்சியாளர் பழைய இறகுக்குச் சுழியும், முழுதும் வளர்ந்த புதிய இறகுக்கு ஐந்தும், இடைநிலைக்கு ஒன்று முதல் நான்கு வரையும் மதிப்பெண் இடுவர். பத்து இறகும் புதியவாயின் கூட்டுத்தொகை ஐம்பது. பரீட்சை எழுதும் நம் மாணவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

இவ்வெண்களைத் திங்கள்தோறும் தொகுத்து நோக்கின், இறகு புதுக்குதல் எப்போது தொடங்கி எத்துணை நாள் நீடிக்கின்றது என்பது புலனாகும். சைபீரியாவின் வடகோடிப் பனிவெளியில் முட்டையிடும் சாம்பல் நிற உப்புக்கொத்தியைப் பற்றி ஹுசேன், கேப்டவுன் பல்கலைக்கழகத்து அண்டர்ஹில் என்பாருடன் சேர்ந்து 2000-லும், இமயத்துக்கு அப்பாலுள்ள மேட்டுநிலத்திலிருந்து வருவதாகிய சிறிய மணல் உப்புக்கொத்தியைப் பற்றி ஹுசேனுடன் 1998-லும் அவர் கட்டுரை வெளியிட்டார். இத்தகைய பறவைகளின் முதல் வயதுக் குஞ்சுகள் பல வடக்கே திரும்பாமல் கோடையையும் தென்கரையிலேயே கழிப்பதுண்டு. எனவே இச்சேற்றுநிலம் வழிப்போக்கர் சத்திரம் மட்டுமன்று. சிறகு செப்பனிடும் பட்டறையும் இளம்பருவ இல்லமுமாம். இறகு முளைக்கும் காலத்தில் உணவு மிகுதியும் வேண்டும். பறக்கும் ஆற்றலோ குறையும். அந்நாளில் ஆளும் நாயும் ஓயாது விரட்டினால், வேறிடம் தேடி ஏகுதல் அதற்கு அரிது. புறப்படுமுன் உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதும் இச்சேற்றுப் புழுக்களாலேயே.

நிற்க. பின்னர்க் கோடிக்கரையில் நெடுங்காலம் பணியாற்றி, சங்கத்தின் துணை இயக்குநர் பதவியும் வகித்த பாலச்சந்திரன், கிழக்குக் கரையில், சிறப்பாகக் கோடிக்கரையில், கரைப்பறவைகள் குறைந்துவருவதை 2006-ல் ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். ஒருமுறை எண்ணினவர் இதனைக் கூறவியலாது. முன்பு எண்ணிய இடத்திலேயே பல ஆண்டு சென்றபின்னும் எண்ணுதற்கு ஒருவர் இருந்தமையாலன்றோ குறைவு தெரிந்தது! புதுமை நாடும் இளைஞர்க்கு இது சலிப்பூட்டும் வேலையாய்த் தோன்றலாம். எனினும், அவர் பணியில் யான் பெரிதும் மதிப்பது இதனையே.

நம் மாவட்டத்துச் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்ந்தன. அங்கோ மணக்குடியிலோ காலில் வளையமுடைய பறவை உயிருடன் அகப்படின், வளையத்தைக் கழற்றலாகாது. அதிற் பொறித்த எண்ணையும், கண்ட நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு பறவையை விடுதல் வேண்டும். இறந்து கிடப்பினும் எண் பயன்படும். செய்தி அனுப்ப வேண்டிய பம்பாய்ச் சங்கத்தின் பெயர் வளையத்திலேயே ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருக்கும்.