நோயாளிக்காகப் பேசுவதும் இறைபணியே

அரச வைத்தியசாலையில் எம்மிடம் பணம் கேட்பதில்லை. மருந்துத் தட்டுப்பாட்டால் வாடிய நாட்கள் உண்டு. ஆயினும் அந்த உரிமை எமக்கு உண்டு. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் அது எல்லோருக்கும் இல்லை.

அங்கே வறியோரினதும் வலுவிழந்தோரினதும் வைத்தியச் செலவை ஏற்கும் 'மெடிக்கெயிட்' திட்டம் 1965இல் சட்டமாயிற்று. அந்நாட்டில் 10 பிரசவங்களில் ஏறக்குறைய 4இன் செலவை அதுவே ஏற்கிறது.

2017இல் அதைக் குறைக்க முயன்றபோது ஆயர்களும் கத்தோலிக்க வைத்தியசாலைகளின் சங்கமும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அம்முயற்சி செனற் சபையில் தோற்றது. 2025இலும் அவர்கள் பேசினர். ஆயினும் ஜூலையில் குறைப்பு சட்டமாயிற்று. இச்சட்டத்தால் 2034க்குள் சுமார் 1 கோடிப் பேர் காப்புறுதி இழப்பர் எனக் காங்கிரஸ் சபையின் வரவுசெலவு அலுவலகம் கணித்தது. உதவி பெறும் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை, கல்வி அல்லது சமூகப்பணி செய்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. பத்திரங்களைத் தொலைத்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த உங்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

திருச்சபைக்கு இதில் என்ன வேலை? வைத்திய வசதி மனித உரிமை என்று 1963இலேயே பாப்பரசர் 23ஆம் அருளப்பர் எழுதினார். நல்ல சமாரியனும் காயத்துக்குக் கட்டுப்போட்டதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு வரும் செலவுக்கும் பொறுப்பேற்றான்.

உங்கள் ஊர்க் கிளினிக் பூட்டிக் கிடந்தால், மருந்து வராவிட்டால், ஒன்றுகூடி முறையிடுங்கள். தோற்றாலும் மீண்டும் கேளுங்கள். உரிமையைக் கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.